ஃப்ளவர்ஹார்னுக்குத் துணை

கோயம்புத்தூரில் வெள்ளியங்கிரி என்று ஒரு ஹோட்டல் முதலாளி இருந்தார். அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. புது ஹோட்டல் திறந்த அன்று, வரவேற்பறையில் இருந்த பெரிய மீன்தொட்டியில் எல்லா மீன்களையும் ஒன்றாக விடச் சொன்னார்.

தொட்டியைப் பராமரிக்கும் செங்கமலம் குனிந்து பார்த்தாள். உள்ளே முதலாளி ஆசையாக வளர்க்கும், நெற்றி புடைத்த ஃப்ளவர்ஹார்ன் மீன் ஒன்று தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் கையில் இருந்த தண்ணீர்ப் பையிலோ நாற்பது கப்பி மீன்கள். எல்லாம் அவள் வீட்டில் பிறந்து வளர்ந்தவை.

"அது சண்டைக்கார மீனுங்க. இதுகளைத் தின்னுபோடுமுங்க."

"என்ற மீனு யாரையும் ஒண்ணும் பண்ணாது. விடறயா, வேலைய விட்டுப் போறயா?"

விருந்தாளிகள் சுற்றி நின்றார்கள். பைக்குள் கப்பிகள் காற்றுக்காக மேலே வந்து தவித்தன. அவள் பையின் முடிச்சில் கை வைத்தாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

"சரிங்க. மொதல்ல நீங்க உங்க விரலைத் தண்ணியில வெச்சுக் காட்டுங்க. அது சாதுன்னு எல்லாரும் பாக்கட்டும். அப்புறம் நான் விடறேனுங்க."

முதலாளி பெருமையாகக் கையை நீட்டினார். மீன் பாய்ந்து வந்தது. விரல் தண்ணீரைத் தொடும் முன்பே, "ஐயோ, கடிச்சுப்போடும்!" என்று கையை இழுத்துக்கொண்டார்.

"தெனமும் தீனி போடற உங்களுக்கே இந்தப் பயமுங்களா? என்ற கப்பி உங்க நகத்தளவுதானுங்க இருக்குது."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ரெண்டு தொட்டி இருந்தாத்தான் எடத்துக்கு எடுப்புன்னு நானே நெனச்சேன்" என்றார்.

"நல்ல யோசனைங்க" என்றாள் செங்கமலம், முகத்தில் சிரிப்பே காட்டாமல்.