நல்ல தண்ணீர் கேட்ட மோட்டார்

குப்பத்துக் கிணறுகளெல்லாம் உப்பாகிப்போன கோடை அது. கடலோர பங்களாவில் மில் முதலாளி வச்சிரவேலு நல்ல தண்ணீர்க் குழாய்க்குப் பூட்டுப் போட்டார். அவர் நீச்சல்குளத்தைப் பார்த்துக்கொள்ளும் பவுனம்மாவின் மகள் காமாலையில் கிடந்தாள். அவளுக்காகப் பவுனம்மா ஒரு குடம் நல்ல தண்ணீர் கேட்டதற்கு, "குளம் நிறையக் கிடக்கே, அள்ளிக்கோ" என்று சிரித்தார்.

விருந்தன்று குளத்துப் பம்ப்பில் காற்று புகுந்துவிட்டது. வெறுமனே உறுமியது, தண்ணீரை இழுக்கவில்லை.

"விருந்தாளிங்க வர்றதுக்குள்ள ஓடணும். இல்லேன்னா நாளைக்கு வராதே."

"அதுக்குத் தொண்டை வறண்டிருக்குங்கய்யா. ஒரு குடம் ஊத்துனா இழுக்கும்."

"குளத்துலேருந்து ஊத்து."

"சீமை மோட்டாருங்க. குளோரின் தண்ணி அதுக்கு ஆகுமா? தினமும் ஒரு குடம் நல்ல தண்ணி ஊத்தணும்."

சாவி அவள் கைக்கு வந்தது. அவர் உடைமாற்றப் போனதும், நிரப்பிய நல்ல தண்ணீர்க் குடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, குளத்து நீரையே மொண்டு பம்ப்பில் ஊற்றி மூடியை இறுக்கினாள். பம்ப் ஓடியது.

"என் மோட்டார் நல்ல தண்ணி தவிர எதையும் தொடாது" என்று விருந்தாளிகளிடம் பெருமையடித்தார் முதலாளி. கண்ணாடி மூடிக்குள் குளத்து நீர் சுழன்றுகொண்டிருந்தது. விருந்தாளிகள் சிரிப்பை மறைக்கக் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

குப்பத்தில், கண்கள் மஞ்சளித்த மகள் அந்தக் குடத்துத் தண்ணீரில் ஒரு மிடறு விழுங்கிவிட்டுக் கேட்டாள்:

"சக்கரை போட்டியாம்மா?"