அரசரின் கற்பூர மூக்கு

முன்னொரு காலத்தில், தன் மூக்கின் அழகில் தானே மயங்கிய அரசர் ஒருவர் இருந்தார். அவருக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. கல்லிலும் செம்பிலும் எல்லா அரசர்களுக்கும் சிலை இருக்கிறது. தனக்குக் கற்பூரத்தில் வேண்டும். பிறந்தநாளன்று ஊரே அதைப் பார்க்க வேண்டும்.

சிற்பிகள் தலையை மட்டும் செதுக்கினார்கள். மூக்கு எடுப்பாக அமைந்தது. பிறந்தநாளுக்கு இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருந்தது. பண்டகசாலைக் காவலன் தாண்டவனிடம் சிலையை ஒப்படைத்தார்கள்.

"நாலு படி மிளகு கொடுத்தால் சுற்றிலும் போட்டு வைப்பேன். வீட்டில் கற்பூரத்தை அப்படித்தான் வைப்போம்" என்றான் தாண்டவன்.

"அரசர் முகத்தோடு மிளகா? ரசமா வைக்கப்போகிறாய்?" என்றார் அமைச்சர் பரகேசரி. சபை சிரித்தது. மிளகு இல்லாமலே அறையைப் பூட்டி, பூட்டின்மேல் அரசரின் முத்திரையை வைத்தார்கள்.

தினமும் மாலையில் அரசர் அந்தப் பக்கம் உலாவப் போவார். கதவருகே நின்று மூச்சை இழுத்து, "என்ன மணம், என்ன மணம்" என்பார்.

பிறந்தநாளுக்குப் பத்து நாள் முன்பு அறையைத் திறந்தார்கள். சிலைக்கு மூக்கு இல்லை. காது மடல்களும் இல்லை.

"நான் தொடவே இல்லை, அரசே. தானாகக் குறைந்துவிட்டது" என்றான் தாண்டவன்.

"மெழுகு உருகினால் தரையில் வழிந்து கிடக்கும். வெண்ணெய் உருகினால் பிசுக்காவது இருக்கும். இங்கே தரை காய்ந்து கிடக்கிறது" என்றார் பரகேசரி. "யார் காவலில் பொருள் குறைந்ததோ அவரே திருடர். வேறு சாட்சி எதற்கு?" காவலன் வேலை தன் மைத்துனனுக்கு வேண்டும் என்று அவர் வெகுநாளாகக் காத்திருந்தார்.

"அப்படியென்றால் மூக்குக்கு மூக்கு" என்றார் அரசர். "பிறந்தநாளன்று இவன் மூக்கை அறுங்கள்."

சபையைச் சிரிக்க வைக்கும் விகடன் வேம்பன் தூணோரம் நின்றிருந்தான். போன ஆண்டு அவன் மனைவி இறந்தபோது அவனுக்கு வாய் அடைத்துப்போனது. சிரிக்க வைக்காத விகடன் யாருக்கும் தேவைப்படவில்லை. தாண்டவன் மட்டும் நாற்பது நாள் ஒரு செம்பில் கஞ்சி கொண்டுவந்தான். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. குடித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பான். செம்பைக் கழுவி எடுத்துக்கொண்டு போவான்.

வேம்பன் முன்னே வந்தான். "அரசே, அமைச்சர் சொன்னது நல்ல சட்டம். அதை நாடெங்கும் எல்லோருக்கும் பொதுவாக்கிவிடுங்கள்."

"ஆக்கினோம்."

"இனி புது மூக்கு வைக்கக் கற்பூரம் வேண்டும். இந்தச் சிலையிலிருந்தே கொட்டைப்பாக்கு அளவு ஒரு துண்டு எடுத்து, துணியில் முடிந்து, முத்திரை வைத்து, அமைச்சர் இடுப்பில் கட்டிவிடுங்கள். அவரைவிட நல்ல காவல் ஏது?"

அமைச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பத்து நாளும் அவர் வருமுன்னே மணம் வந்தது. எதிரில் வந்தவர்கள் கோயில் நினைவில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பிறந்தநாள் வந்தது. தாண்டவனின் கைகளைக் கட்டி நிறுத்தியிருந்தார்கள். கத்தியோடு ஒருவன் நின்றான். வேம்பன் தாண்டவனைப் பார்க்கவில்லை.

"முதலில் சிலைக்கு மூக்கு வைப்போம், அரசே."

முடிச்சைப் பார்த்தார்கள். முத்திரை அப்படியே இருந்தது. பிரித்தார்கள். உள்ளே மிளகு அளவுக்கு ஒரு துணுக்கு கிடந்தது.

"கத்தி ஒன்றுதான் இருக்கிறது" என்றான் வேம்பன். "யாருக்கு முதலில்?"

பரகேசரியின் கை அவர் மூக்கைப் பொத்தியது. "நான் தொடவே இல்லை, அரசே. தானாகக் குறைந்துவிட்டது."

"தாண்டவன் சொன்ன அதே சொல்" என்றான் வேம்பன்.

"அப்படியானால் என் மூக்கை எடுத்தது யார்?" என்றார் அரசர்.

"தாங்கள்தான், அரசே."

வேம்பன் அந்தத் துணுக்கை எடுத்து அரசரிடம் நீட்டினான்.

"கற்பூரம் உருகி வழியாது. கட்டியாக இருப்பது நேரே காற்றாகிக் கிளம்பிவிடும். அந்தக் காற்றைத்தான் நாம் மணம் என்கிறோம். மூன்று மாதம் கதவருகே நின்று மூச்சை இழுத்தீர்களே. தங்கள் மூக்கை முகர்ந்து தீர்த்தது தங்கள் மூக்கேதான்."

அரசர் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். ஒருமுறை உறிஞ்சிப் பார்த்தார். பிறகு கிரீடம் சரியும்வரை சிரித்தார். தாண்டவனின் கைக்கட்டை அவிழ்க்கச் சொன்னார். வேம்பனுக்குத் தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டார். மிச்சச் சிலையைச் சுற்றி நாலு படி மிளகை அமைச்சரே தன் கையால் கொட்டினார்.

அன்று மாலை வேம்பன் ஒரு செம்பில் கஞ்சி கொண்டுபோய்த் தாண்டவன் முன்னால் வைத்தான். தாண்டவன் ஒரு வாய் குடித்தான்.

"உப்பு போட்டாயா?"

"போட்டேன். கரைந்திருக்கும்."

"போடவில்லை."

"சரி, போடவில்லை."

தாண்டவன் சிரித்துக்கொண்டே குடித்தான். முடிக்கும்வரை வேம்பன் உட்கார்ந்திருந்தான். பிறகு செம்பைக் கழுவி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.