வீட்டோடு மாப்பிள்ளையான செவ்வங்கி

படங்கள் ஒன்றிலிருந்து ஒன்றாகக் குட்டி போட்டுக்கொண்டிருந்த காலத்தில், வடபழனியில் ஒரு படக் கம்பெனியின் உடைக் கிடங்கில் சிவப்பு அங்கி ஒன்று வாழ்ந்து வந்தது. தோளில் மாட்டி முதுகில் தொங்கவிடுகிற நீளமான அங்கி. வானத்தில் பறந்து உலகத்தைக் காப்பாற்றும் வச்சிரன் என்ற வீரனின் அங்கி அது. செவ்வங்கி என்று அதைக் கூப்பிடுவார்கள். ஏழு படங்களில் பறந்திருக்கிறது. லாரி டயர் அகலத்துக்கு நான்கு மின்விசிறிகள் சேர்ந்து ஊதினால்தான் அதற்கு மூச்சே வரும். சின்னக் காற்றுக்கு அசைவதைக் கௌரவக் குறைச்சலாக நினைத்தது.

ஏழாவது படம் ஓடி முடிந்ததும் நடிகர் ஓய்வு கேட்டுப் போய்விட்டார். கம்பெனி யோசித்தது. வீரன் இல்லாவிட்டால் என்ன, அவனுடைய சாமான்கள் இருக்கின்றனவே என்று தொலைக்காட்சிக்குக் கிளைத்தொடர்கள் எடுக்க ஆரம்பித்தது. வச்சிரனின் பூட்ஸுக்கு ஒரு தொடர். பெல்ட்டுக்கு ஒரு தொடர். நாலாவது படத்தில் செத்துப்போன வில்லனின் மூக்குக்கண்ணாடிக்குக்கூட ஒரு தொடர். மூன்றும் ஊற்றிக்கொண்டன. பூட்ஸில் இப்போது யாரோ பெயின்ட் பிரஷ் ஊறப்போட்டிருந்தார்கள். பெல்ட், ஜெனரேட்டர் கதவைக் கட்டிவைக்கும் வேலையில் இருந்தது. மூக்குக்கண்ணாடி என்ன ஆயிற்று என்று கேட்க செவ்வங்கிக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்தது அதன் முறை.

இயக்குநர் பூரணி கதையைச் சொன்னார். "உலகத்தைக் காப்பாத்திக் காப்பாத்திக் களைச்சுப்போன வச்சிரன், மாமியார் வீட்டுல வீட்டோட மாப்பிள்ளையா வந்து உட்கார்றாரு. ஒரே ஹால், ஒரு கதவு, ஒரு சோபா. அந்தக் காலத்துக் குடும்பக் காமெடித் தொடர் மாதிரி. மொத்தம் அஞ்சு பாகம்."

"வில்லன் யாரு?" என்று செவ்வங்கி கேட்டது.

"அதான் மாமியார்னு சொன்னாங்களே," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

திரும்பிப் பார்த்தால், கடுகு மஞ்சளில் ஒரு சோபா. பழைய காமெடித் தொடர் ஒன்றில் பன்னிரண்டு வருஷம் குப்பை கொட்டியது. கைப்பிடியில் காபி டம்ளர் வைத்த வட்டங்கள். நடுவில் ஒரு ஸ்பிரிங், யார் உட்கார்ந்தாலும் முனகும். அதன் பக்கத்தில் ஒரு டப்பா. அதற்குள் சிரிப்பு இருந்தது. பட்டனை அமுக்கினால் இருநூறு பேர் சிரிக்கிற மாதிரி சத்தம் வரும். டப்பாச் சிரிப்பு என்று அதற்குப் பெயர்.

படப்பிடிப்பு தொடங்கியது. வச்சிரனாக நடிக்க வந்த புதுப் பையன் மார்பை நிமிர்த்தி, "இந்த உலகம் என் தோளில் இருக்கிறது!" என்று வசனம் பேசினான். செவ்வங்கி கம்பீரமாக விறைத்து நின்றது.

"ஹா ஹா ஹா," என்றது டப்பாச் சிரிப்பு.

"எதுக்குச் சிரிச்சே?" என்று செவ்வங்கி சீறியது.

"எனக்கென்ன தெரியும்? பட்டனை அமுக்கினாங்க."

அதைவிடப் பெரிய சங்கடம், சோபா. பையன் உட்காரும்போதெல்லாம் செவ்வங்கி முரண்டு பிடித்து, சோபாவில் படாமல் பின்பக்கமாக வழிந்து தரையில் கிடந்தது.

"கொஞ்சம் உட்காரேன், ஹீரோ," என்றது சோபா.

"நான் உட்காருகிற வகை இல்லை. நான் பறக்கிற வகை."

"ரெண்டு நாளா நீ தரையைத்தான் பெருக்கிக்கிட்டு இருக்கே."

செவ்வங்கி அதோடு சோபாவிடம் பேச்சை நிறுத்திவிட்டது.

முதல் இரண்டு பாகங்களும் வெளியாயின. மறுநாள் காலையில் ஸ்டூடியோ வாசலில் ரசிகர்களின் கருத்துகள் வந்து கூடின. கருத்துகளுக்கு வாய் பெரிது, காது சின்னது. ஊரில் எங்கே எது வெளியானாலும் விடிவதற்குள் அங்கே போய் நின்றுவிடும். கூட்டத்துக்கு மூன்று பேர் தலைமை. கழுத்தில் தையல்காரர் டேப்போடு வந்தவள் ஒப்பீட்டக்கா. எதைப் பார்த்தாலும் இன்னொன்றோடு வைத்து அளப்பாள். எல்லாம் நடந்து முடிந்த பிறகு வந்து முதல் வரிசையில் நிற்பவர் அப்பவேசொன்னேன் அண்ணாச்சி. மூன்றாவது ஆள் பார்க்காதான். அவன் எந்தத் தொடரையும் பார்த்ததில்லை. அதனால் அவனுக்குச் சந்தேகம் என்பதே கிடையாது. குரலும் அவனுக்குத்தான் எல்லாரையும்விடப் பெரிது.

"ஏழாவது படத்துல இருபத்தாறு நிமிஷம் பறந்துச்சு," என்றாள் ஒப்பீட்டக்கா, டேப்பை விரித்தபடி. "இதுல நாலு அங்குலம்கூடப் பறக்கலை. சரி, காமெடின்னு வச்சுக்குவோம்னா, பழைய காமெடித் தொடர்ல ஒரு பாகத்துக்கு முப்பத்தொரு சிரிப்பு. இதுல ஒம்போதுதான். அதுவும் இல்லை, இதுவும் இல்லை."

"நான் அப்பவே சொன்னேன்," என்றார் அண்ணாச்சி.

"சோபாதான் காரணம்!" என்று கத்தினான் பார்க்காதான். "பறக்கிறவன் கதையில சோபாவுக்கு என்னய்யா வேலை? தூக்கி வெளியில போடு!"

கூட்டம் முழுக்க அதையே பிடித்துக்கொண்டது. சோபாவைத் தூக்கு, சோபாவைத் தூக்கு என்று ஒரே கூச்சல்.

ஜன்னல் கம்பியில் தொங்கியபடி கேட்டுக்கொண்டிருந்த செவ்வங்கிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தன் மனதில் இருந்ததை இத்தனை வாய்கள் ஒரே நேரத்தில் சொல்லும் என்று அது எதிர்பார்க்கவில்லை. பதறியடித்துக்கொண்டு வந்த மேனேஜர், "நீ என்ன சொல்றே?" என்று கேட்டபோது அது கொஞ்சமும் தயங்கவில்லை.

"நானும் அதையேதான் சொல்றேன்," என்றது.

பூரணி எவ்வளவோ வாதாடிப் பார்த்தார். எடுபடவில்லை. நான்கு பேர் வந்து சோபாவைத் தூக்கினார்கள். டப்பாச் சிரிப்பையும் அதன் மேலேயே வைத்தார்கள். வாசலைத் தாண்டும்போது சோபா திரும்பிப் பார்த்தது.

"ஒரு தடவையாவது உட்கார்ந்து பார்த்துட்டுச் சொல்லியிருக்கலாம், ஹீரோ."

அந்த வார்த்தை செவ்வங்கியை எங்கேயோ குத்தியது. ஆனால் அதற்குள் நான்கு பெரிய மின்விசிறிகளும் வந்து இறங்கிவிட்டன. குத்தல் மறந்துபோனது.

மூன்றாம், நான்காம் பாகங்களில் மாமியார் வீட்டு ஹாலுக்குள் புயல் அடித்தது. குளிர்சாதனப் பெட்டியைப் பிளந்துகொண்டு ஒரு இரும்பு ராட்சசன் வந்தான். காலண்டர் பறந்தது, பூஜை அறைத் திரை பறந்தது, மாமியாரின் சவுரிகூடப் பறந்தது. நடுவில் செவ்வங்கி ஆனந்தமாகப் படபடத்தது.

மறுநாள் காலையில் பூமாலையை எதிர்பார்த்து அது வாசலுக்குப் போனது.

"சோபா எங்கே?" என்று கேட்டாள் ஒப்பீட்டக்கா. "முதல் ரெண்டு பாகத்துக்குப் பக்கத்துல வைக்க முடியுமா இதை? அதுல ஒரு வீடு இருந்துச்சு. இது வெறும் காத்து."

"சோபாதான்யா தொடரோட உயிரு!" என்று முழங்கினான் பார்க்காதான்.

செவ்வங்கிக்குத் தலை சுற்றியது. "நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க?"

"ஆமா. எடுக்கணும்னு அப்பவே சொன்னேன்," என்றார் அண்ணாச்சி அமைதியாக. "எடுத்தா உருப்படாதுன்னும் அப்பவே சொன்னேன்."

மேனேஜர் செவ்வங்கியின் ஓரத்தைப் பிடித்து முழம் போட்டுப் பார்த்தார். "கடைசிப் பாகம் ஒண்ணு பாக்கி இருக்கு. அதுவும் தேறலைன்னா, ரெண்டு கார் துடைக்கிற அளவுக்குத் துணி தேறும்," என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

அன்று மத்தியானம் செவ்வங்கி யாருக்கும் தெரியாமல் தரையோடு தரையாக ஊர்ந்து ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் போனது. அங்கே தார்ப்பாய்க்கு அடியில் சோபா கிடந்தது. மேலே நான்கு பலகைகள், ஒரு சிமென்ட் மூட்டை. டப்பாச் சிரிப்பு ஓரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

மன்னிப்புக் கேட்டுச் செவ்வங்கிக்குப் பழக்கமில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "மூட்டை கனக்குதா?" என்று கேட்டது.

"பன்னிரண்டு வருஷம் ஒரு குண்டு மாமாவைத் தாங்கியிருக்கேன். இது என்ன?" என்றது சோபா. "சரி, எதுக்கு வந்தே?"

"உட்காரலாம்னு."

சோபா கிண்டல் செய்யவில்லை. பலகைகளையும் மூட்டையையும் ஒரு பக்கமாகச் சரித்து இடம் விட்டது. செவ்வங்கி ஏறிப் படிந்தது. அதன் மடிப்புகள் ஒவ்வொன்றாக அடங்கின. எதுவும் அதை இழுக்கவில்லை, எதுவும் அடிக்கவில்லை. ஏழு படத்துக் களைப்பு தன் நூலிழைகளுக்குள் இருந்தது அப்போதுதான் அதற்குத் தெரிந்தது. அப்படியே சாய்ந்ததில் மெத்தைகளின் இடுக்கில் வழுக்கிப் பாதி உள்ளே போய் மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்க ஸ்பிரிங் முனகியது. உலகத்தைக் காப்பாற்றிய அங்கி ஒரு சோபாவின் வயிற்றுக்குள்ளிருந்து, "யாராவது இழுங்களேன்!" என்று கத்தியது.

சோபா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. கொஞ்ச நேரத்தில் செவ்வங்கியும் சிரித்துவிட்டது.

ஒருவழியாக வெளியே வந்து, மாலைக்குள் அது பூரணியிடம் போய்ச் சொன்னது: "சோபாவைக் கொண்டுவாங்க. மின்விசிறியை அனுப்பிடுங்க. உங்களுக்குத் தோணினதை எடுங்க."

இன்னொரு காரியமும் செய்தது. மறுநாள் காலையில் வாசலுக்குப் போய்ப் பார்க்காதானைத் தனியாகக் கூப்பிட்டது. "உள்ளே வா. வந்து பாரு."

"எதுக்கு? பார்க்காமலே எனக்கு எல்லாம் தெரியும்."

"டீயும் மசால்வடையும் உண்டு."

பார்க்காதான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு உள்ளே வந்தான். கேமராவுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தான்.

கடைசிப் பாகத்தின் கதை இதுதான். கடலில் பெரிய அலை கிளம்பிவிட்டது. வச்சிரன் உடனே போயாக வேண்டும். ஆனால் மாமியார், அழுக்காக இருக்கிறதே என்று காலையில்தான் அங்கியைத் துவைத்துப் போட்டிருக்கிறார். சொட்டச் சொட்ட ஈரம். ஈரத்தோடு பறக்க முடியாது. கரன்ட்டும் இல்லை.

"ஏங்க மாப்பிள்ளை, ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்கிறார் மாமியார்.

"உலகம் அழியப்போறது எனக்கே இப்பத்தான் அத்தை தெரியும்."

வேறு வழியில்லாமல் வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் சோபாவில் நெருக்கி உட்கார்ந்தார்கள். மாமியார், மாமனார், மனைவி, மச்சினன், சர்க்கரை கேட்டு வந்த எதிர்வீட்டு அம்மா. அங்கியை மடியில் விரித்து ஆளுக்கொரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உஃப், உஃப் என்று ஊதினார்கள். மாமனாருக்கு நடுவில் இருமல் வந்தது. எதிர்வீட்டு அம்மா ஊதிக்கொண்டே விலைவாசி பேசினார். ஸ்பிரிங் முனகியது.

செவ்வங்கி கண்ணை மூடிக்கொண்டது. இத்தனை சின்னக் காற்று அதன்மேல் பட்டதே இல்லை. வெற்றிலை வாசனையும் காபி வாசனையுமாக, வெதுவெதுப்பாக, நின்று நின்று வந்தது. அதன் ஒரு ஓரம் தானாகவே மெல்ல எழும்பியது.

அப்போது கேமராப் பக்கமிருந்து ஒரு பெரிய காற்று வந்தது. செவ்வங்கி ஓரக்கண்ணால் பார்த்தது. ஸ்டூலின் நுனிக்கு வந்து, வடையைக் கையிலேயே மறந்துவிட்டு, கன்னம் உப்ப உப்பப் பார்க்காதான் ஊதிக்கொண்டிருந்தான்.

கடைசிப் பாகம் வெளியானது. மேனேஜர் முழம் போட வரவில்லை. இன்னும் ஆறு பாகம் எடுக்கலாமா என்று பூரணியிடம் கேட்டுவிட்டுப் போனார்.

வாசலில் மட்டும் அடிதடி. இதெல்லாம் வீரன் கதையே இல்லை என்றது பாதிக் கூட்டம். இதுதான் கதை என்றது மீதிக் கூட்டம். ஒப்பீட்டக்கா டேப்பை இப்படியும் அப்படியும் பிடித்துப் பார்த்துக் குழம்பினாள். அண்ணாச்சி எதை அப்பவே சொன்னதாகச் சொல்வது என்று தெரியாமல் காத்திருந்தார். கடைசியில் எல்லாரும் வழக்கம்போலப் பார்க்காதானைப் பார்த்தார்கள்.

"நீ சொல்லுப்பா. எப்படி இருக்கு?"

பார்க்காதான் தன் பெரிய வாயைத் திறந்தான். "அந்த ஈரத்துணியை எல்லாரும் சேர்ந்து ஊதுவாங்க பாருங்க..." என்று ஆரம்பித்தான். சிரிப்பு வந்துவிட்டது. மறுபடியும் ஆரம்பித்தான், மறுபடியும் நின்றான். "இல்லை, சொன்னா வராது. நீங்களே பார்த்தாத்தான்."

கூட்டம் அடங்கியது.

"நீ பார்த்தியா?" என்று அண்ணாச்சி மெதுவாகக் கேட்டார்.

"பார்த்தேன்."

எல்லாரும் ஒரு அடி பின்வாங்கினார்கள். ஒப்பீட்டக்கா பக்கத்தில் இருந்தவளின் காதில் குனிந்து சொன்னாள்: "ஐயோ பாவம். இனிமே இவன் எப்படிப் பொழைப்பான்?"