ராயர் காவல் காத்த கொன்றை

முன்னொரு காலத்தில் செங்கரை நாட்டை உதயவேள் என்று ஒரு ராஜா ஆண்டான். நல்ல மனுஷன்தான்; ஆனால் காலையில் அவனுக்கு என்ன தோன்றுகிறதோ அதுதான் அன்றைய சட்டம்.

அரண்மனை வாசலில் ஒரு சரக்கொன்றை நின்றது. ராஜாவின் பாட்டனார் சரளை மேட்டிலிருந்து நெற்று கொண்டுவர, தோட்டக்காரி வெள்ளச்சியின் தாத்தா விதையைக் கல்லில் உரசி முளைக்க வைத்த மரம். சித்திரை பிறந்தால் கிளையெல்லாம் பொன்சரமாகத் தொங்கும். செங்கரைக்காரர்களுக்கு அதில் தனிப் பெருமை.

ஒருநாள் உதயவேளுக்குப் பாசம் பொங்கிவிட்டது. "நம் குலமரம் தாகத்தோடு நிற்பதா? தினமும் இருபது குடம் ஊற்றுங்கள்!" என்றான். ஊற்றினார்கள். மரம் பச்சைப் பசேலென்று தழைத்தது. இரண்டு சித்திரை போயும் ஒரு மொட்டு இல்லை.

தோட்ட அதிகாரத்தின்மேல் கண் வைத்திருந்த வில்லிராயர் என்ற சபைக்காரர், "பிரபு, தோட்டக்காரியின் கைராசி போய்விட்டது" என்று ராஜாவின் காதில் ஓதினார்.

ராஜா முறைத்தான். "வெள்ளச்சி! வருகிற சித்திரையில் பூக்காவிட்டால் நாட்டைவிட்டே போய்விடு!"

குற்றம் யாருடையது என்று வெள்ளச்சிக்குத் தெரியும். அதை ராஜா முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா?

"மகாராசா, தப்பு மரத்து மேலதான். உங்க தண்ணியக் குடிச்சுக் கொழுத்துட்டுப் பூக்காம நிக்குது. தை மாசத்திலேருந்து அதைச் சிறையில வைங்க. ஒரு சொட்டுத் தண்ணி குடுக்கக் கூடாது."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. "காவலுக்கு யார்?"

"ராயரய்யாதான். இது பூக்கக் கூடாதுன்னு அவரைவிட ஆசைப்படுற ஆள் யாரு? கண்கொத்திப் பாம்பா பாத்துக்குவாரு."

சபையே சிரித்தது. ராயர் உள்ளுக்குள் குதூகலித்துக்கொண்டு மரத்தடியில் கட்டில் போட்டார். இரக்கப்பட்டு ஒரு செம்புத் தண்ணீரோடு வந்த ராஜாவையே, "ஆணை, பிரபு, ஆணை!" என்று திருப்பி அனுப்பினார். பங்குனியில் இலையெல்லாம் கொட்டியது. "மரம் செத்தது. நீ மூட்டையைக் கட்டு" என்றார் வெள்ளச்சியிடம்.

சித்திரை முதல் நாள் ராயர் கண் விழித்தால், தலைக்குமேல் வானமே தெரியவில்லை. அத்தனையும் பூ!

"என்ன மாயம் இது?" என்றான் ராஜா.

"மாயமில்ல மகாராசா. சரளையில பொறந்த சாதி. தண்ணி மிஞ்சினா தழையோட நின்னுடும். காஞ்சாத்தான் பூக்கும்."

"தப்பு என்னுடையதா? அன்றே ஏன் சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தா அன்னைக்கே என்னை அனுப்பியிருப்பீங்களே!"

ராஜா வெட்கப்பட்டான். தோட்ட அதிகாரத்தை வெள்ளச்சிக்கே கொடுத்து, வருஷா வருஷம் தையிலிருந்து அவளுக்குக் கீழே காவல் நிற்கும் வேலையை ராயருக்குக் கொடுத்தான். ராயரின் மீசை தொங்கிப் போயிற்று.

அந்தச் சித்திரையில் அயல்நாட்டுத் தூதர்கள் வந்து மரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். உதயவேள் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான்: "பூக்க வைத்தது எங்கள் வெள்ளச்சி. தண்ணீர் ஊற்றிக் கெடுத்தது நான்."