ஒரு தட்டு நின்ற அஞ்சுகத்தம்மை

இப்போதெல்லாம் எவனைப் பார்த்தாலும் பக்திமான். கும்பிட்ட கை கீழே இறங்குமுன் செல்போனை எடுக்கிறது. இப்படிப்பட்ட காலத்தில் ஒருவரை அடியார் என்று ஊர் சொன்னால் நான் லேசில் நம்புகிறவன் இல்லை. ஆனாலும் கண்ணால் கண்டதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மணற்குடித் தேரடியில் இட்லி மாவு அரைத்து விற்றவர் அஞ்சுகத்தம்மை. விடியுமுன் கிரைண்டரைக் கழுவிவிட்டுக் கோயிலுக்குப் போவார். நடராசர் சன்னிதி திறக்கும்வரை காத்திருந்தால் வியாபாரம் கெட்டுவிடும். சாத்திய கதவின் முன்னாலேயே, காலமான மாசிலாமணி நட்டுவனார் அமைத்துக்கொடுத்த ஆட்டத்தை ஆடி முடித்துத் திரும்புவார்.

நட்டுவனாரிடம் பயின்ற பெண்கள் பலர். அவர் போன பிறகும் ஆருத்ரா தரிசனத்தன்று எல்லோருமாகச் சேர்ந்து அதே ஆட்டத்தைச் சன்னிதியில் ஆடிவந்தார்கள். அதன் முடிவில் ஓரிடம். நட்டுவனார் இடக்காலைத் தூக்கியபடி ஒரு தட்டு, அதாவது தாளத்தில் ஓர் அடி நேரம், அசையாமல் நிற்பார், மத்தளமும் அடங்கிவிடும். கிழவருக்கு முழங்கால் வலி, அதனால்தான் நின்றார் என்று சொல்லி மற்றவர்கள் அந்த இடத்தை எடுத்துவிட்டார்கள். அஞ்சுகத்தார் மட்டும் நின்றார். வரிசை கெட்டது.

மூத்தவர் செண்பகவல்லி ஒத்திகையில் பிடித்துக்கொண்டார்.

"ஏண்டி, அங்க ஐயா எதுக்கு நின்னாரு? சொல்லு பாப்போம்."

"தெரியாதுக்கா."

"முட்டி வலிடி அது. தைலம் தேச்சுக்கிட்டுல்ல ஆடுனாரு. நீயும் தேச்சுக்கிறியா?"

பெண்கள் சிரித்தார்கள். அஞ்சுகத்தார் தலை நிமிரவில்லை.

"ஐயா நின்னாரு. எடுத்துப்போட நான் யாருக்கா?"

"அப்ப நீ போயி மாவ ஆட்டு. சன்னிதியில நாங்க ஆடிக்கிறோம்."

நட்டுவனாருக்குத் தானே வாரிசு என்று காட்டத்தான் இந்தப் பிடிவாதம் என்று நானும் நினைத்தேன்.

ஆருத்ரா அன்று காலை, அவர் இல்லாமலே ஆட்டம் நடந்தது. கைதட்டலுக்குக் குறைவில்லை. முடிந்ததும் கூட்டம் திருவாதிரைக் களி வாங்க ஓடிற்று. குருக்களும் நானும் மிஞ்சினோம். அப்போதுதான் தூணோரம் நின்றிருந்த அஞ்சுகத்தார் முன்னால் வந்தார். மத்தளம் இல்லை, பாட்டு இல்லை. வாய்க்குள்ளேயே ஜதிச் சொல்லைச் சொல்லி ஆடினார். அந்த இடம் வந்தது. இடக்கால் எழுந்தது. நின்றார்.

சன்னிதி மணி ஒரே ஒரு முறை ஒலித்தது. அது ஓயவும் அவர் பாதம் தரையில் விழுந்தது.

களித் தொன்னையோடு வந்த செண்பகவல்லி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாரு சாமி மணியடிச்சது?"

குருக்கள் மணியை அண்ணாந்து பார்த்தார். "கயிறு அறுந்து கெடக்குன்னு காலம்பறவே சொன்னேனே. புதுசு இன்னும் வரலியே."

செண்பகவல்லி தொன்னையைக் கீழே வைத்துவிட்டு அஞ்சுகத்தாரின் கையைப் பிடித்தார்.

"அந்த எடத்த எங்களுக்கும் சொல்லிக் குடுடி."

"நான் என்னத்தக்கா சொல்ல? நீங்களும் ஐயாகிட்ட கத்துக்கிட்டதுதானே."

இன்று அந்தப் பெண்கள் அனைவரும் அங்கே ஒரு தட்டு நிற்கிறார்கள். குரு விட்டுப்போனதில் வலி எது, வழி எது என்று பிரித்துப் பார்க்காமல் முழுதாகச் சுமந்தவர் அஞ்சுகத்தம்மை. அந்தக் கால்களுக்கு என் கும்பிடு உண்டு.

மணி விஷயம் வேறு. அன்றே அதன் அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தேன். கயிறு இல்லைதான். ஆனால் அந்த மண்டபத்தில் வௌவால் ஏராளம். ஒன்று மோதியிருக்கலாம். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு தெற்கு வாசல் வழியாக வெளியேறினேன். என் சந்தேகம் இன்றுவரை அந்த வௌவால் மேல்தான்.