பிரேக்கை விடாதே

"எனக்கு ஏறத் தெரியுது. இறங்கத்தான் தெரியல" என்றார் தெய்வேந்திரன்.

கம்பம்மெட்டு உச்சியில், சைக்கிள்கள் சாய்த்து வைத்திருந்த ஒரு தகரக் கொட்டகை முன்னால் நின்று அவர் இதைச் சொன்னார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது ஐம்பத்தொன்பது.

கேட்டுக்கொண்டிருந்த சபூராவுக்கு முப்பத்துநாலு. மலையிலிருந்து கீழே கம்பத்துத் திராட்சைத் தோட்டங்கள் வரைக்கும் ஆட்களைச் சைக்கிளில் கூட்டிப்போவது அவள் தொழில். ஒரு சக்கரத்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தாள். தெய்வேந்திரன் முதலில் குருவே என்று கூப்பிட்டுப் பார்த்தார். அவள் திரும்பவில்லை. தாயி என்றதும் திரும்பினாள்.

அவரை அவளுக்கு ஏற்கெனவே தெரியும். ஞாயிறுதோறும் மூச்சிரைக்க மலை ஏறி வருவார். அப்புறம் ஏதாவது ஒரு காய்கறி வேனில் சைக்கிளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவார்.

"வேன்ல இறங்குறதுக்கு எதுக்கு சைக்கிள்ல ஏறணும்ணே?"

அவர் சிரிக்கவில்லை. நடந்ததைச் சொன்னார்.

பதினோரு வருடம் முன்னால் அவரும் தம்பி வனராஜும் கேரளத்துப் பக்கம் சைக்கிளிலேயே சுற்றிவிட்டு இந்தப் பாதையில் திரும்பினார்கள். தம்பிக்கு மலை இறங்கிப் பழக்கமில்லை. போதாததற்குக் கூடாரம், அடுப்பு, பாத்திரம் எல்லாம் அவன் வண்டியில்தான் இருந்தன. கிளம்பும்போது அண்ணன் ஒன்றே ஒன்று சொன்னார். கீழே போய்ச் சேருகிறவரைக்கும் பிரேக்கை விடாதே.

அண்ணன் முன்னால் இறங்கி, ஏழாவது வளைவில் தம்பிக்காகக் காத்து நின்றார். கீழே தோட்டங்களெல்லாம் கொடி வெட்டிக் கவாத்து முடிந்து மொட்டைப் பந்தலாகக் கிடந்தன. எங்கோ ஒரு தோட்டத்தில் பறவை விரட்ட வெடி போட்ட சத்தம் கேட்டது. அவர் ஒரு பீடி பற்றவைத்தார். பீடி தீர்ந்தும் தம்பி வரவில்லை.

ஆறாவது வளைவில், பள்ளத்தில் கிடந்தான் வனராஜ். உயிர் இல்லை. சைக்கிள் பாறையில் மோதி இன்னதென்று தெரியாமல் நசுங்கியிருந்தது.

"விட்டுட்டான் தாயி. படிச்சுப் படிச்சுச் சொன்னேன். பிரேக்க விட்டுட்டான்."

இதையே தம்பி மனைவி பேச்சியம்மாளிடமும் சொல்லியிருக்கிறார். அதுவும் பிணத்தை நடுவீட்டில் கிடத்தியிருந்தபோது. சொன்ன பேச்சைக் கேட்காமல் செத்தான் என்றார். அதோடு அந்த வீட்டுப் படியை அவர் மிதிக்கவில்லை. அவள்தான் ஒவ்வொரு வருடமும் முதல் அறுப்பில் ஒரு கூடை திராட்சைப் பழம் கொடுத்தனுப்புகிறாள். அவர் அதைத் தொட்டதில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை பேச்சியம்மாள் மகளுக்குக் கல்யாணம். பெரியப்பாதான் வந்து தாலி எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்லியனுப்பியிருக்கிறாள்.

"அவன் மேல இருக்கிற கோபம் இன்னும் போகல. செத்தவன் மேல கோபத்த வச்சுக்கிட்டு அவன் மகளுக்கு எப்படித் தாலி எடுத்துக் கொடுக்கிறது? அந்த வளைவ ஒரு தடவையாவது தாண்டி இறங்கிட்டாப் போயிரும்னு நெனைக்கிறேன். கை நடுங்குது."

சபூரா காற்று அடிப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தாள். இரண்டு கேள்வி மட்டும் கேட்டாள்.

தம்பி வண்டியில் சாமான் எவ்வளவு எடை?

நாற்பது கிலோ இருக்கும்.

வெடிச்சத்தம் எத்தனை கேட்டது?

ஒன்று.

அவள் எழுந்து போய் இரண்டு தண்ணீர் கேன்களை நிரப்பிக்கொண்டு வந்தாள். கேனுக்கு இருபது லிட்டர். அவருடைய கேரியரில் பக்கத்துக்கு ஒன்றாகக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினாள். எதற்கென்று கேட்டார். அவள் முடிச்சை இழுத்துப் பார்த்தாள்.

"அன்னிக்குத் தம்பிகிட்ட சொன்னத இன்னிக்கு நீங்க செய்யுங்க. பிரேக்க விடக் கூடாது. நான் நில்லுன்னா நிக்கணும்."

இறங்கினார்கள். அவர் முன்னால், அவள் பின்னால்.

முதல் வளைவில் அவரை நிறுத்தி, பாட்டிலிலிருந்து கொஞ்சம் தண்ணீரை, பிரேக் கட்டை உரசுகிற முன்சக்கர வளையத்தில் தெளித்தாள். தண்ணீர் உருண்டு ஓடியது. போகலாம் என்றாள்.

மூன்றாவது வளைவில் தெளித்த தண்ணீர் பட்டதும் காய்ந்தது.

அவருக்கு விரல்கள் மரத்துப்போயின. கேன்களின் எடை அவரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே இருந்தது. வலப்பக்கம் கிடுகிடு பள்ளம். அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

ஐந்தாவது வளைவில் தண்ணீர் சுர்ரென்றது, தோசைக்கல்லில் தெளித்த மாதிரி.

"கொஞ்சம் விட்டு விட்டுப் பிடிக்கட்டுமா தாயி?"

"தம்பிகிட்ட அப்படிச் சொன்னீங்களா?"

"இல்ல."

"அப்ப விடாதீங்க."

பாவி, என்னையும் கொல்லப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். ஆனாலும் பிரேக்கை விடவில்லை.

ஆறாவது வளைவு கண்ணில் பட்டது. வளைவுக்கு இருபதடி இருக்கும்போதே பின்னாலிருந்து நில்லுங்க என்று சத்தம் வந்தது. நின்றார். திரும்பிப் பார்த்தால் சபூரா முகமும் வெளுத்திருந்தது. பயம் அவளுக்கும்தான்.

சைக்கிளை மலைப்பக்கத்துச் சுவரோரம் சாய்த்துவிட்டு விலகி வரச் சொன்னாள். பதினைந்தடி தள்ளி, சைக்கிளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருவரும் நின்றார்கள்.

"கீழ பாருங்கண்ணே. என்ன தெரியுது?"

கல்லுக்கால், கம்பி, குச்சி. மலையடிவாரத் தோட்டங்கள் அந்த வாரம்தான் ஒருசேரக் கவாத்து ஆகியிருந்தன.

"கவாத்து முடிஞ்ச தோட்டம்."

"பழம்?"

"ஏது பழம்? இலையே இல்ல."

அவள் கீழேயே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு ஜீப் ஏறிப் போனது. அதன் சத்தம் அடங்கிய பிறகு மலையில் வேறு சத்தமே இல்லை. தெய்வேந்திரனுக்கு எரிச்சல் வந்தது. தம்பி செத்த இடத்தில் நிற்க வைத்து வேடிக்கை காட்டுகிறாளா என்று தோன்றியது. கேட்டேவிடுவது என்று வாயைத் திறந்தார்.

டப். எதிரொலி பள்ளம் முழுக்க உருண்டது.

அவர் தோள் ஒருமுறை உதறியது. திரும்பாமலே சொன்னார்.

"வெடி போடுறாங்க."

"யாரு?"

"தோட்டத்துல. பறவைய வெரட்ட..."

இலையில்லாத தோட்டங்களை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மெதுவாகத் திரும்பினார். யாரும் தொடாமல் நின்ற அவருடைய சைக்கிளின் முன்டயர் ஒரு பக்கம் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

கிட்டே போய் உள்ளங்கையை வளையத்தின் மேல் வைத்தார். சுட்டது. கையை எடுக்கவில்லை. சபூராதான் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்து, பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை ஊற்றினாள்.

"அன்னிக்கும் இலை இல்ல" என்றார்.

அவள் பாட்டிலை மூடினாள்.

"ஒரு சத்தம். நான் பீடி பத்த வச்சேன்."

சாலையோரத்தில் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். பதினோரு வருடமாக வராத அழுகை. சபூரா தேற்றவில்லை. கேன்களை அவிழ்த்து இரண்டையும் சரிவில் கவிழ்த்துக் காலி செய்தாள். வளையம் ஆறுகிறவரைக்கும் காத்திருந்து, தன் பையிலிருந்த புது ட்யூபையும் டயரையும் மாட்டிக் காற்று அடித்தாள்.

பிறகு சைக்கிளை அவர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"வளைவுக்கு முன்னாடி அழுத்திப் பிடிங்க. திரும்பினதும் விட்டுருங்க. சக்கரம் காத்துல ஆறட்டும்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். கொப்புளம் போட்ட கையை மெல்லக் கைப்பிடியில் வைத்தார்.

"கம்பத்துல எங்கண்ணே இறங்கணும்?"

"பேச்சியம்மா வீட்டுல."

"கல்யாணம் வெள்ளிக்கிழமைன்னுதான சொன்னீங்க?"

"கல்யாணத்துக்கு இல்ல" என்றார் தெய்வேந்திரன். "அவன் என் பேச்சக் கேட்டான்னு சொல்லணும்."