மண்ணாங்கட்டியும் கல்சில்லும்

மலைக்கு அந்தப் பக்கம் கல்குவாரியில் வெடி வைத்து முடித்த கொஞ்ச நேரத்தில் தாண்டவமூர்த்தி ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பஸ்ஸை விட்டு இறங்கி, துணிப்பையோடு வெயிலில் மேடேறி வந்ததில் மூச்சு வாங்கியது. மேடு மட்டும் காரணமில்லை. இப்போதெல்லாம் செருப்பை மாட்டுவதற்குக்கூட அவருக்கு அலுப்பாக இருக்கிறது.

குமுதவல்லி அம்மா தியான மண்டபத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். வயதில் தாண்டவமூர்த்தியைவிட மிக இளையவர். ஆனாலும் இவருக்கு அவர்தான் குரு.

"வாங்க," என்றார் அம்மா. "பாருங்க, இன்னைக்கும் பறந்து வந்திருக்கு."

ஒரு கண்ணாடியில் சாத்துக்குடி அளவு மண்ணாங்கட்டி மோதி, செம்மண்ணை அப்பிவிட்டுப் போயிருந்தது. பக்கத்துக் கண்ணாடியில் ஒரு சின்ன ஓட்டை. அதிலிருந்து நாலாபக்கமும் விரிசல் ஓடியிருந்தது.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு வந்தேம்மா."

அம்மா ஈரத்துணியை நீட்டினார். "துடைச்சுக்கிட்டே கேளுங்க."

அவர் செம்மண்ணைத் துடைக்க ஆரம்பித்தார்.

"எம் பொண்ணு மங்கை போன ஆடியில புருஷன் வீட்டை விட்டு வந்துட்டா. அவங்கம்மா வடிவு பகல் பூரா திட்டித் தீர்த்தா. மானம் போச்சுன்னா, சோத்துத் தட்டைத் தூக்கி எறிஞ்சா. மங்கை அசையவே இல்லை. நான் குரலை உயர்த்தலம்மா. சாயங்காலம் பக்கத்துல உக்காந்து ஒண்ணே ஒண்ணு கேட்டேன். அதுவும் மெதுவா. அன்னைக்கே கிளம்பிட்டா."

"இப்ப எங்க இருக்கா?"

"திருப்பூர்ல. பனியன் கம்பெனியில வேலை, ஹாஸ்டல்ல தங்கியிருக்கா. அவங்கம்மாகிட்ட தினமும் பேசறா. நான் போனை வாங்கினா வச்சிடறா." துணியைப் பிழிந்தார். "அவ்வளவு பேசினவளை மன்னிச்சுட்டா. மெதுவா ஒரு வார்த்தை கேட்டவனை மட்டும் ஏம்மா?"

அவர் துடைத்து முடித்த கண்ணாடியை அம்மா சாய்ந்து பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை.

தாண்டவமூர்த்தி அடுத்த கண்ணாடிக்கு நகர்ந்தார். துணி ஓட்டையின் விளிம்பில் சிக்கிக்கொண்டது. மெல்ல விடுவித்தார்.

அம்மா மண்டபத்துக்குள் போய், பாயில் கிடந்த ஒரு கல்சில்லை எடுத்துவந்து அவர் உள்ளங்கையில் வைத்தார். புளியங்கொட்டை அளவுதான் இருந்தது. ஒரு முனை மட்டும் கூராக இருந்தது.

"இதுதானா?"

"இதுதான்."

"அந்தக் கட்டி இதைவிட எவ்வளவு பெருசு!"

"பெருசுதான். ஆனா பட்டதும் உடைஞ்சு பரவிடுச்சு. இது பரவல. வந்த வேகம் அத்தனையும் அந்த முனையிலயே இறங்கிடுச்சு."

அவர் கட்டைவிரலால் முனையைத் தடவிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"நான் கேட்டதுல முனையெல்லாம் இல்லம்மா. அக்கறையாத்தான் கேட்டேன். எந்தத் தகப்பனும் கேக்கறதுதான்."

என்ன கேட்டீர்கள் என்று அம்மா விசாரிக்கவில்லை. அவரை நிழலில் உட்காரச் சொல்லி, ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தார். தாண்டவமூர்த்தி அதைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"நேத்து வடிவோட பெரிய சண்டை," என்றார் கடைசியில். "என்னாலதான் பொண்ணு போச்சுங்கறா. அந்த வீட்டுல கால் வைக்கவே பிடிக்கல. ஓய்ஞ்சு போயிட்டேம்மா. இங்கேயே ஒரு மூலையில இருந்துடலாம்னு துணிமணியோட வந்துட்டேன்."

அம்மா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முகத்தில் கோபமில்லை, குரலில் கனிவு இருந்தது. மெதுவாகக் கேட்டார்:

"எப்பத் திரும்பிப் போறீங்க?"

வாய்வரை போன டம்ளர் நின்றுவிட்டது. வெயிலென்றும் பாராமல் எழுந்து நடந்துவிட வேண்டும் போலிருந்தது அவருக்கு. எங்கே போவது என்றுதான் தெரியவில்லை. மோர் தளும்பி வேட்டியில் சிந்தியது. துடைக்கத் தோன்றவில்லை.

"நான் மங்கைகிட்ட கேட்டதும் இதேதாம்மா," என்றார். "உங்ககிட்ட யார் சொன்னது?"

"யாரும் சொல்லல," என்றார் அம்மா. "போக்கிடம் இல்லாம வந்தவங்ககிட்ட எல்லாரும் கேக்கறதுதான்."